பாளையங்கோட்டை டாட்டூ கடையில் ஏன் இத்தனை பழைய கார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் டாட்டூ கடை வைத்திருக்கிறேன். சுவர் முழுக்கப் பழைய கார்கள்தான், ஆஸ்டின், மாரிஸ், அம்பாசடர், ஹெரால்டு என்று எல்லாம் நானே வரைந்தவை. உள்ளே வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தப் படங்களைப் பற்றி, அப்புறம் என் ஊரைப் பற்றி, அதன் பிறகுதான் வலிக்குமா, எவ்வளவு ஆகும் என்பதெல்லாம். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வருவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிட்டு வந்தால் உட்கார்ந்ததுமே வரைய ஆரம்பித்துவிடலாம்.

நீங்கள் எந்த ஊர்? பேச்சு கொஞ்சம் வேற மாதிரி இருக்கே?

யாழ்ப்பாணம். 1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது அம்மாவோடு படகேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினோம், நான் அப்போது சின்னப் பையன். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், பிறகு கங்கைகொண்டான் முகாம். படித்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் இந்தப் பக்கம்தான், வீட்டுக்காரிக்கு அம்பாசமுத்திரம். ஆனால் காகிதத்தில் நான் இன்னும் அகதிதான். படகில் வந்தவர்களைச் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் என்ற கணக்கில் வைத்திருப்பதால் எங்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை, 2019-ல் வந்த திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேரவில்லை. முகாமிலேயே பிறந்து வளர்ந்து இப்போது தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கும் இதே நிலைமைதான். இதைக் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன், ஏனென்றால் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இப்படி ஒரு முகாம் இருப்பதே தெரியாத ஆட்கள் இந்த ஊரில் நிறைய.

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள்?

முகாம் ஆண்களில் பாதிப் பேர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள். நானும் அப்படித்தான் சாரம் கட்டிய சுவரில் ஆரம்பித்தேன். அங்கிருந்து வண்ணார்பேட்டையில் ஒரு டிங்கர் பட்டறைக்குப் போய்ப் புட்டி தேய்க்கக் கற்றுக்கொண்டு, அப்புறம் பிரஷ் பிடித்து நம்பர் பிளேட் எழுதினேன், லாரிப் பாடிக்குக் கோடு இழுத்தேன். மெல்லிய நீள மயிர் பிரஷில் எனாமலைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மட்கார்டு வளைவோடு ஒரே இழுப்பில் போக வேண்டும், நடுவில் நின்றால் நின்ற இடம் தெரியும். அந்தக் கைப்பழக்கம்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. ஊசி பிடிக்கச் சென்னையில் ஒரு கடையில் வேலைக்கு நின்று படித்தேன், கோடு போட அங்கே யாரும் எனக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பழைய கார் மேல் ஏன் இவ்வளவு பிரியம்?

என் பெரியப்பா யாழ்ப்பாணம் டவுனில் டாக்ஸி ஓட்டியவர். வண்டி ஆஸ்டின் ஏ40 சோமர்செட். இங்கிலாந்தில் 1952-லிருந்து 1954 வரைக்கும்தான் அந்த மாடலைச் செய்தார்கள், ஆனால் யாழ்ப்பாணத்தில் அது அதற்குப் பிறகும் ஒரு தலைமுறை ஓடியது, ஒன்றிரண்டு இன்னும் ஓடுகிறது. உருண்ட முதுகு, பானட் நுனியில் இறக்கை விரித்த ஏ எழுத்து, கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும், முன்சீட் ஒரே நீள பெஞ்சு என்பதால் நான் நடுவில் உட்கார்ந்து போவேன். சூடான ரெக்சின் துடையில் ஒட்டும்.

ஏன் அங்கே அத்தனை பழைய கார் தங்கியது என்று கேட்பார்கள். 1960, 70-களில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, புதுக் கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றே போனது, அதனால் இருந்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அப்புறம் யுத்தம் வந்தது. 1990-லிருந்து வடக்குக்குப் போகும் பொருட்களுக்குத் தடை போட்டபோது பெட்ரோல் அந்தத் தடைப்பட்டியலில் இருந்தது. கறுப்புச் சந்தையில் கிடைத்ததோ மருந்து மாதிரி சின்னச் சின்னப் போத்தலில், மருந்தை விட விலை கூடுதலாக. யாழ்ப்பாணத்து டிரைவர்மார் அதற்குக் கண்டுபிடித்த வழி மண்ணெண்ணெய். குளிர்ந்த இஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது, அதனால் கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோலைச் சொட்டுவிட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இன்றைய கார் இதற்கு இரண்டு கிலோமீட்டர் கூடத் தாங்காது. ஏ40 இஞ்சினில் கம்ப்ரஷன் குறைவு, அதனால் தட்டிக்கொண்டே என்றாலும் ஓடும். பிளக் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்துவிடும், பின்னால் போகிறவர் கண் எரியும். அப்படியும் பிரசவத்துக்கும் அந்த வண்டிதான், செத்த வீட்டுக்கும் அந்த வண்டிதான்.

1995 அக்டோபர் கடைசியில் ராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணமே எழுந்து கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, பெரியப்பா சோமர்செட்டில் நடக்க முடியாத கிழவிகளை ஏற்றிக்கொண்டு அந்த நெரிசலில் ராத்திரி முழுக்க ஊர்ந்தார். நான் அப்போது இங்கே முகாமில் இருந்தேன், இதெல்லாம் பின்னாளில் அவர் போனில் சொன்னது. அவர் கதை சொல்லும்போது தன்னைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார், ரேடியேட்டர் எத்தனை இடத்தில் கொதித்தது, தண்ணீருக்கு எந்தக் கிணறு என்று வண்டியைப் பற்றியேதான் சொல்வார். எனக்கு அது போதுமாக இருந்தது.

சரி, டாட்டூவுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் ஒரே பட்டறையில் வளர்ந்தவை என்பேன். எடிசன் 1876-ல் காகிதத்தில் துளை குத்தி நகல் எடுக்கிற மின்சாரப் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே யோசனையை வைத்து நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி 1891-ல் மின்சார டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் நான் கோடு போடப் பிடிக்கும், கம்பிச் சுருள் வைத்த 'காயில்' மெஷினைப் பாருங்கள்: கரண்ட் பாய்ந்ததும் அந்தச் சுருள் காந்தமாகி இரும்புத் தகட்டை இழுக்கும், இழுத்ததும் கரண்ட் தொட்டுப் பாய்கிற முனையான பாயிண்ட் விலகிக் கரண்ட் அறும், ஸ்பிரிங் தகட்டைத் திருப்பி அனுப்பும், மறுபடி பாயிண்ட் தொடும். பழைய காரின் ஹார்னைப் பிரித்துப் பார்த்த எந்த எலெக்ட்ரீஷியனும் இது எனக்குத் தெரியுமே என்பார், உள்ளே நடப்பது அதேதான். நெல்லை ஜங்ஷன் பக்கம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர்தான் என் மெஷினுக்கு பாயிண்ட் சரிபண்ணித் தருகிறார், அவர் உடம்பில் ஒரு பொட்டுப் பச்சை கிடையாது.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய ஃபோர்டு, செவர்லே வாங்கிக் கூரையை வெட்டி இறக்கி, இஞ்சின் மாற்றி ஓட்டுகிற இளைஞர் கூட்டம் ஒன்று உருவானது. அந்த வண்டிகளில் கையால் கோடு இழுத்துப் பெயர் வாங்கியவர் வான் டச் என்று அழைக்கப்பட்ட கென்னத் ஹோவர்ட். ஹோனலூலுவில் மாலுமிகளுக்கு டாட்டூ போட்ட செய்லர் ஜெர்ரியின் தடித்த கோடும், கார் மேல் இழுத்த கோடும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகக் கலந்தன. எனக்கு இன்னும் நெருக்கமானது கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸ். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், மற்றவர்கள் கழித்துவிட்ட செவர்லே இம்பாலாவை வாங்கித் தரையோடு தாழ்த்தி, பளபளவென்று பெயிண்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை மெதுவாக ஓட்டிப் போவார்கள். அதே தெருக்களில்தான் ஒற்றை ஊசியில் கறுப்பும் சாம்பலுமாக மெல்லிய கோட்டில் போடுகிற டாட்டூவும் வளர்ந்தது, 1975-ல் சார்லி கார்ட்ரைட்டும் ஜாக் ரூடியும் அங்கே கடை திறந்த பிறகு அது உலகம் முழுக்கப் போனது. வந்தேறி என்று தள்ளி வைக்கப்பட்ட சனம், பழைய இரும்பையும் தன் தோலையும் எடுத்துக்கொண்டு, பார் இது நான் என்று காட்டிய விஷயம் அது. கங்கைகொண்டானில் இருந்து பார்த்தபோது எனக்கு அது தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

எந்தக் கார் வேண்டுமானாலும் வரைவீர்களா? நெட்டில் இருந்து படம் அனுப்பினால் போதுமா?

எந்தக் காரும் வரைவேன், நெட் படம் போதாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு அம்பாசடர் வேண்டும் என்று வந்தால் எந்த அம்பாசடர்? 1957-58 வாக்கில் வந்த முதல் வண்டிக்கு முகம் ஒன்று, 1963-ல் வந்த மார்க் 2-க்கு கிரில் சின்னச் சின்னச் சதுரக் கட்டம், 1975-ல் வந்த மார்க் 3-ல் அது மாறிவிட்டது, அதற்குப் பிறகு மார்க் 4, நோவா என்று 2014-ல் கொல்கத்தா பக்கத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் கடைசியாகக் கதவடைக்கிற வரைக்கும் மாறிக்கொண்டே வந்தது. நெட்டில் கிடைக்கும் படங்களில் ஒரு மாடலின் கிரிலும் இன்னொரு மாடலின் பம்பரும் கலந்து கிடக்கும். மாரிஸ் மைனரும் அப்படித்தான், 1956-க்கு முந்தியது என்றால் முன் கண்ணாடி இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தண்டு இருக்கும், பிந்தியது என்றால் ஒரே கண்ணாடி. உங்கள் தாத்தா வண்டியில் தண்டு இருந்ததா என்று கேட்டால் வீட்டில் யாருக்காவது நிச்சயம் தெரிந்திருக்கும், அதை விசாரித்துவிட்டு வாருங்கள்.

வண்டி இன்னும் இருந்தால் கொண்டுவந்து வாசலில் நிறுத்துங்கள். முடியாவிட்டால் இந்த ஜில்லாவுக்குள் எங்கே என்றாலும் நானே வந்து பார்த்து வரைகிறேன், பைசா கிடையாது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர் தன் அம்பாசடரை ஓட்டிக்கொண்டு வந்தார், கல்யாண வீடுகளுக்கும் குற்றாலம் சவாரிக்கும் அதிலேயே போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இடது முன் மட்கார்டில் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டை, அதற்குள் பழைய பெயிண்டின் மூன்று அடுக்கு தெரிந்தது, மேலே வெள்ளை, கீழே நீலம், அதற்கும் கீழே சிவப்பு பிரைமர். முதல் படத்தில் அந்தச் சொட்டையை வரையவில்லை, சுத்தமாக இருக்கட்டும் என்று கோட்டை வளைவாகவே கொண்டுபோயிருந்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தம்பி, இது கம்பெனியில நிக்கிற வண்டி. என் வண்டியப் போடு" என்றார். சொட்டையைப் போட்டோம். முன்கையில் அந்த இடத்தில் அவருக்கு ஏற்கெனவே ரேடியேட்டர் மூடி திறந்து வெந்த தழும்பு ஒன்று இருந்தது, ஹெட்லைட் வட்டத்தை அதைச் சுற்றி அமைத்தேன். தழும்பில் மை ஒரே சீராக ஏறாது என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தேன்.

கார் வேண்டாம், நம்பர் பிளேட் மட்டும் போடலாமா?

தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த வேலை. முன்பெல்லாம் ஒவ்வொரு ஊருக்கும் நம்பர் எழுதுகிற கை ஒன்று உண்டு, நம் ஊர் டிஎன் 72-ல் அந்த 7-ஐ எப்படி வளைத்திருக்கிறான் என்று பார்த்தே எழுதியவரைச் சொல்லிவிடலாம். 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிக்கெல்லாம் அச்சடித்த உயர் பாதுகாப்புப் பிளேட்தான், நாடு முழுக்க ஒரே எழுத்து. பாதுகாப்புக்கு அது நல்லது, ஆனால் பிளேட் எழுதிப் பிழைத்தவர்கள் பிரஷைக் கழுவி வைத்துவிட்டார்கள். அதனால் பழைய வண்டியின் நம்பர் வேண்டும் என்றால் அச்சு எழுத்தில் போட மாட்டேன், அந்த பிளேட்டில் இருந்த கையெழுத்தில்தான் போடுவேன்.

ஈழத்து ஆட்களும் நம்பர் கேட்டு வருகிறார்கள். இலங்கையில் 1957-ல் நம்பர் பிளேட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கொண்டுவந்தார்கள், வடக்கில் அதை எதிர்த்துத் தமிழில் ஸ்ரீ எழுதி வண்டி ஓட்டினார்கள். பெரியப்பாவின் சோமர்செட் அதற்கு முந்திய வண்டி என்பதால் ஆங்கில எழுத்து பிளேட். யாருக்கு எது என்று கேட்டுத்தான் செய்வேன், ஒரு எழுத்து மாறினால் அந்த வீட்டுச் சரித்திரமே மாறிவிடும்.

நம்ம நிறத்துக்குக் கலர் எடுபடுமா?

மை தோலின் இரண்டாம் அடுக்கில் தங்குகிறது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம். நம் கறுப்பு நிறம் அதற்கு மேல் இருக்கிற அடுக்கில் இருக்கிறது. அதாவது எந்தக் கலரைப் போட்டாலும் நம் நிறத்தின் ஊடாகத்தான் வெளியே தெரியும். மஞ்சள், கிரீம், வெளிர் நீலம் எல்லாம் ஆறிய பிறகு சேறு மாதிரி ஆகிவிடும், அடர் சிவப்பும் கரும்பச்சையும் நிற்கும், கறுப்பு எல்லாவற்றையும் விட நன்றாக நிற்கும். இரண்டு கலர் அடித்த பழைய ஃபியட்டைக் கேட்டால், மேல் பாதிக்கு மையே போடாமல் உங்கள் தோலை அப்படியே விட்டுவிடுவேன், கீழ்ப் பாதியை மட்டும் நிரப்புவேன். பார்த்தால் அதுதான் அழகு. வெள்ளைக்காரர் கையில் போட்ட படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று கேட்காதீர்கள், உங்கள் தோலுக்கு எது நிற்கும் என்று கேளுங்கள்.

அப்புறம் அளவு. மை வருஷம் போகப் போகக் கொஞ்சம் பரவும். கட்டைவிரல் அளவு இடத்தில் கிரில் கம்பி எல்லாம் போட்டால் பத்து வருஷத்தில் அது ஒரு கறுப்புத் திட்டு. காரின் முகம் மட்டும் என்றாலும் உள்ளங்கை அளவாவது இடம் கொடுங்கள், கோடு தடிமனாக இருக்கட்டும், நடுவில் காலி இடம் இருக்கட்டும்.

வலிக்குமா?

வலிக்கும். முன்கையில் பொறுக்கலாம், விலா எலும்பிலும் முழங்கை மடிப்பிலும் கஷ்டம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், குடித்துவிட்டு வந்தால் அனுப்பிவிடுவேன்.

எங்கள் ஆச்சி கையில் இருக்கும் பச்சையும் இதுவும் ஒன்றா?

ஒன்றேதான், கருவிதான் வேறு. குறத்திகள் ஊர் ஊராக வந்து குத்தியது. மஞ்சளையும் அகத்திக் கீரையையும் துணியில் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரியவிட்டு, மேலே கவிழ்த்த சட்டியில் படிகிற கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, ஊசியால் குத்துவார்கள். கறுப்புக் கரிதான், தோலுக்கு அடியில் போனதும் ஒளி சிதறுவதால் பச்சையாக, நீலமாகத் தெரிகிறது. காதில் பாம்படமும் கையில் புள்ளிக் கோலமுமாக இருந்த ஆச்சிகள் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு ஆச்சி இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே அந்தக் கையை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். அதே கோலத்தைப் பேரன் பேத்தி கையில் போடச் சொன்னால் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்வேன். பழைய பச்சை மங்கிவிட்டது, மேலே வேறு படம் போட்டு மூடுங்கள் என்று கேட்டால் இரண்டு தடவை யோசிக்கச் சொல்வேன்.

பாதுகாப்பானதா? கோயில் கொடையில் நூறு ரூபாய்க்குக் குத்துகிறார்களே?

அங்கே குத்தாதீர்கள். ஒரே ஊசி, ஒரே மைக் கிண்ணம், வரிசையாகப் பத்துப் பேர் என்றால் மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி எல்லாம் பரவ வழி உண்டு. என்னிடம் ஊசிக் கார்ட்ரிட்ஜ் ஒருவருக்கு ஒன்று, உங்கள் கண் முன்னால் உறையைக் கிழிப்பேன், முடிந்ததும் உங்கள் கண் முன்னாலேயே போடுவேன். மைக் கிண்ணமும் அப்படித்தான். திரும்பப் பயன்படுத்துகிற உலோகப் பிடிகள் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவி அழுத்தத்தில் வெந்து வருகின்றன. நான் மட்டுமில்லை, எந்தக் கடைக்குப் போனாலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள், கேட்டதற்குக் கோபப்படுகிற கடையில் உட்காராதீர்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். காயம் ஆறினால் தழும்பு மேடாகத் தடித்து வளர்கிற உடம்பு சிலருக்கு உண்டு, நம் ஆட்களில் அது கொஞ்சம் கூடுதல், அப்படி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நான் போட மாட்டேன். போட்டபின் ஒரு வருஷத்துக்கு இரத்த தானம் செய்ய முடியாது. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அப்பாவே கூட்டிக்கொண்டு வந்தாலும் கிடையாது.

குற்றாலம் சீசனுக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாமா?

எல்லாரும் ஜூன் மாதம்தான் இதற்கு வருகிறார்கள், அருவியில் சட்டை இல்லாமல் நிற்கும்போது தெரியட்டும் என்று. மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரைக்கும் அருவி, தாமிரபரணி, திருச்செந்தூர்க் கடல், தெப்பக்குளம் எதுவும் ஆகாது, வீட்டில் குளித்துக்கொள்ளலாம், ஊற வைக்கக் கூடாது. அருவிக்குக் கீழே தண்ணீர் அடிக்கிற வேகத்தில் புதுப் பொருக்கு பிய்ந்து மையோடு போய்விடும், கூடவே குற்றாலத்து எண்ணெய்த் தேய்ப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஏப்ரலில் போட்டுவிடுங்கள், அல்லது சீசன் முடிந்து வாருங்கள்.

வாசனை இல்லாத சோப்பில் கழுவி, ஒத்தி எடுத்து, நான் தரும் களிம்பை மெல்லிசாகப் பூசினால் போதும். மஞ்சள், வேப்பிலை, தேங்காயெண்ணெய் என்று பக்கத்து வீட்டில் சொல்வதை எல்லாம் அப்பாதீர்கள். ஆறின பிறகு பெரிய எதிரி வெயில்தான். நம் ஊர் வெயிலில் பைக் ஓட்டுகிறவர்கள் முழுக்கை போடுங்கள்.

ராணுவம், போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறேன், போடலாமா?

பொறுத்திருங்கள். இந்திய ராணுவத்தில் முன்கையின் உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் நிரந்தர டாட்டூ இருந்தால் கழித்துவிடுவார்கள், பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் இன்னும் கண்டிப்பு, மத அடையாளம் அல்லது பெயர், அதுவும் சல்யூட் அடிக்காத இடது கையில், சின்னதாக. காருக்கு அதில் இடமே இல்லை. நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் விடியற்காலையில் ரோட்டில் ஓடிப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேலை கிடைத்து, விதியையும் விசாரித்துவிட்டு வந்தால் பாதி விலைக்குப் போட்டுத் தருகிறேன்.

எங்கள் சமுதாயக் கொடி, தலைவர் படம், அரிவாளோடு போட முடியுமா?

போட மாட்டேன். எந்தச் சாதிக்கும் மாட்டேன், எவ்வளவு கொடுத்தாலும் மாட்டேன். சுடலைமாடன் முகம் கேளுங்கள், குலசாமி பீடம் கேளுங்கள், மனம் நிறையப் போடுகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதி நிறத்தில் கயிறு கட்டுவதையே தடை செய்யச் சொல்லி 2024-ல் அறிக்கை கொடுத்தது. கயிறையே வேண்டாம் என்று சொல்கிற ஊரில் நான் அதைத் தோலில் குத்த மாட்டேன். நீங்கள் இன்னார் என்று முகத்தைப் பார்த்தே ஒதுக்கி வரிசையில் நிற்க வைத்த நாட்டிலிருந்து வந்தவன் நான். காரின் பின் கண்ணாடியில் அந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் படத்தில் அந்தக் கண்ணாடி வெறுமையாகத்தான் இருக்கும்.

உங்களிடம் பழைய கார் இருக்கிறதா?

ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வீட்டுக்காரி பெயரில். ஆசைப்பட்டது சோமர்செட், கிடைத்தது ஹெரால்டு, இப்போது இதை விட்டு வேறெதையும் கேட்க மனசில்லை. நம் தமிழ்நாட்டிலேயே, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் செய்த கார் இது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டை இத்தாலியர் மிக்கெலோட்டி வடிவமைத்தார், இங்கே 1961-லிருந்து செய்தார்கள், பிறகு நாலு கதவு வைத்து ஒரு மாடல் வந்தது, அப்படி ஒன்று இந்தியாவில் மட்டும்தான். பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும், அப்படியே முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு இஞ்சினில் வேலை பார்க்கலாம். சின்ன வட்டத்தில் திரும்பும், டவுன் ரதவீதிகளில் அது பெரிய வசதி. உதிரிப் பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை, அங்கேயும் கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்து வாங்குவேன். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்குப் பழம்பெரும் வாகனம் என்று தனிப் பதிவு 2021-லிருந்து இருக்கிறது, ஆனால் அப்படிப் பதிந்தால் தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, ஊர்வலம் மாதிரி காரியங்களுக்குத்தான். நான் பிள்ளைகளை அதில் பள்ளிக்கூடத்துக்கு விடுகிறேன், அதனால் சாதாரணப் பதிவிலேயே வைத்திருக்கிறேன்.

அப்பாவின் கார் இப்போது இல்லை, படமும் இல்லை. வரைய முடியுமா?

முடியும். முகாமில் இருந்தும் கனடா, லண்டனில் இருந்தும் வருகிறவர்களில் பலருக்கு இதுதான் நிலைமை, வீட்டோடு ஆல்பமும் போய்விட்டது. முதலில் மாடலைப் பிடிப்போம், அது சுலபம், நாலைந்து படத்தைக் காட்டினால் இதுதான் என்று கை தானாகப் போகும். அப்புறம் நான் கேட்பது: நீங்கள் எந்தப் பக்கம் உட்காருவீர்கள், கதவுக் கைப்பிடியைக் கீழே அழுத்த வேண்டுமா இழுக்க வேண்டுமா, டாஷ்போர்டில் என்ன சாமி, எந்தக் கண்ணாடி இறங்காது, ஹார்ன் வெளியே ரப்பர் பந்தா உள்ளே பட்டனா, டிக்கிக்கு மேலே கேரியர் இருந்ததா, அப்பா சாவியை எங்கே வைப்பார். ஒருவர் ஒன்றும் ஞாபகமில்லை என்று ஆரம்பித்துவிட்டு, பின் சீட்டில் ஸ்பிரிங் வெளியே வந்த இடத்தில் அம்மா மடித்துப் போட்ட பழைய சேலையின் கரையைக் கூடச் சொன்னார். அந்தக் கரையைத்தான் படத்துக்கு ஓரக் கோடாக வைத்தேன்.

இந்த மாதிரி வேலைக்கு ஒரே நாளில் குத்த மாட்டேன். முதல் நாள் பேச்சும் பென்சிலும் மட்டும், படத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவிடமோ சித்தப்பாவிடமோ காட்டி, திருத்தம் கேட்டுக்கொண்டு வாருங்கள். அந்தக் காரில் ஏறின பெரியவர் யாராவது எந்த நாட்டில் இருந்தாலும் சரி, அவர் நம்பரையும் அங்கே எத்தனை மணி என்பதையும் எழுதிக் கொண்டு வாருங்கள், வரையும்போது நடுவில் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.